மூன்று வாத்தியார்கள்

சென்ற மே மாதத்தில் ஒரு வாரம் முழுக்க நான் ஒரு கிணற்றுக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். கிணறு இருந்தது ஸீபஸ் என்ற கிரகத்தில். கிரகம் இருந்தது ஆறங்குலத் திரை ஒன்றில். திரை, விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை பேரனுடையது. பதின்மூன்று வயது. 'தாத்தா, நீங்க நிறைய விமர்சனம் எழுதுவீங்களாமே, இதைப் பத்தி எழுதுங்க பார்ப்போம்' என்று கையில் கொடுத்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

வீடியோ கேம் பற்றி எழுதினால் 'உமக்கு இந்த வயசில் இது தேவையா?' என்று கடிதம் வரும், தெரியும். சினிமாவைப் பற்றி எழுதினபோதும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. ஆகவே மேலே போகலாம்.

விளையாட்டின் பெயர் சூப்பர் மெட்ராய்டு. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1994-ல் வெளியிட்டது. டைரக்டர் யோஷியோ ஸகமோட்டோ. மொத்த விளையாட்டும் 3 மெகாபைட். உங்கள் செல்போனில் எடுத்த ஒரு போட்டோவைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்குள் ஒரு கிரகம், மழை, எரிமலை, மூழ்கிய கப்பல், வயிற்றைப் பிசைகிற இசை எல்லாம் அடக்கம். முப்பது வருஷம் கழித்தும் உலகம் முழுக்க இதை விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது முழு விளையாட்டைப் பற்றி அல்ல. அதில் வருகிற ஒரே ஒரு குட்டிக்கரண வித்தையைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பூர்வ கதை. பிளாட்ஃபார்ம் கேம் என்றால் ரயில் சம்பந்தப்பட்டது இல்லை. திரையில் மேலும் கீழுமாகத் திட்டுத் திட்டாகத் தரை இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். அவ்வளவுதான். 1981-ல் ஷிகெரு மியமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்'கில் ஒரு குட்டையான தச்சன் பீப்பாய்களைத் தாவித் தாண்டுவான். அவனுக்கு முதலில் ஜப்பானுக்கு வெளியே வைத்த பெயரே ஜம்ப்மேன். பிற்பாடு மரியோ என்று நாமகரணம் ஆயிற்று. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' நம் ஊருக்கும் வந்தது. கடைக்காரர் 'டி.வி. கேம் சார்' என்று எடுத்துக் கொடுத்த பெட்டியில், ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாகப் பொய் சொன்ன கேசட்டில், மரியோ மட்டும் நிஜமாக இருந்தான். நாற்பது வயதைத் தொடுகிறவர்கள் பலருக்கு அந்தக் குதியின் 'ட்டொய்ங்' இன்னும் காதில் இருக்கும்.

குதிப்பது மட்டுமே பிழைப்பு என்றால் குதிப்பதில் புதுமை தேடுவார்கள் இல்லையா? தேடினார்கள். காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை குதிப்பது. மூன்றாவது குதியில் கரணம் அடிப்பது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சுவரை உதைத்து ஏறுவது. சுவரை நோக்கித் தாவி, அதில் கால் பதித்து, உதைத்து, இன்னும் உயரே போவது. 1988-ன் 'நிஞ்சா கெய்டன்', 1993-ன் 'மெகா மேன் எக்ஸ்', 1996-ன் 'சூப்பர் மரியோ 64' மூன்றிலும் இது உண்டு. பார்க்க அழகு. ஜாக்கி சான் சந்துக்குள் இரண்டு சுவர்களுக்கு நடுவே இடது, வலது, இடது என்று ஏறிப் போவாரே, அந்த அழகு.

ஜாக்கி சான் செய்வது நிஜத்தில் சாத்தியம். பிரான்சில் பிறந்த பார்கூர் என்ற வித்தையில் இதைப் பாடமாகவே பயில்கிறார்கள். அதன் முன்னோடிகளில் ஒருவரான செபாஸ்டியன் ஃபூகான்தான் 2006-ன் 'கேஸினோ ராயல்' ஆரம்பத்தில் ஜேம்ஸ் பாண்டை மூச்சிரைக்க வைத்தவர். இதன் ரகசியம் நியூட்டனின் மூன்றாம் விதி. நீங்கள் சுவரை உதைத்தால் சுவர் உங்களை உதைக்கும். இடது சுவர் உங்களை வலப்பக்கம் தள்ளும். அங்கே இன்னொரு சுவர் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

சூப்பர் மெட்ராய்டில் ஒரே சுவரை வைத்துக்கொண்டே ஏறலாம். உதைத்து விலகியதும் காற்றிலேயே திரும்பி அதே சுவருக்கு வந்து மறுபடி உதைக்கலாம். வெற்று வெளியில் திரும்புவதற்கு எதைப் பிடித்துக்கொண்டார் என்று நியூட்டன் கேட்டால் பதில் இல்லை. மரியோவும் அந்தரத்தில் திசை மாற்றுவான். பிளாட்ஃபார்ம் உலகத்தில் இந்தச் சின்னச் சட்டமீறலை எல்லோரும் எப்போதோ மன்னித்துவிட்டார்கள்.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

கதாநாயகியின் பெயர் சேமஸ் ஆரன். உடம்பு முழுக்க இரும்புக் கவசம், வலது கை துப்பாக்கி. (உள்ளே இருப்பது பெண் என்பதை 1986-ல் வந்த முதல் 'மெட்ராய்டு' கடைசிக் காட்சி வரை மறைத்து வைத்து அந்தக் கால ஜப்பானியச் சிறுவர்களுக்கு அதிர்ச்சி கொடுத்தார்கள்.) ஸீபஸ் கிரகத்துக்குள் அவள் தனியாக இறங்குகிறாள். ஆரம்பத்தில் அவளால் அதிகம் முடியாது. போகப் போக ஒவ்வொரு சக்தியாகக் கிடைக்கிறது. பந்தாகச் சுருளும் சக்தி, குண்டு, உயரக் குதிக்கும் பூட்ஸ், எதிரியை உறைய வைக்கும் கதிர், சுழன்றபடியே எதிரியைக் கிழிக்கும் ஸ்க்ரூ அட்டாக். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது விளையாட்டு ஒரு நிமிஷம் நின்று கச்சேரி வைக்கும். பெட்டி ஒன்றில் பெயர் வரும். சிலவற்றுக்கு எந்தப் பட்டனை அமுக்குவது என்று படமும் வரும். அப்புறம் பட்டியலில் சேர்ந்துவிடும். பட்டியலைத் திறந்து பார்த்து 'நம்மிடம் இத்தனை இருக்கிறது' என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம், பீரோவைத் திறந்து பார்க்கிற மாதிரி.

சுவரை உதைத்து ஏறும் வித்தை அந்தப் பட்டியலில் கிடையாது. அதற்குக் கச்சேரியும் இல்லை, பெயர்ப் பெட்டியும் இல்லை. எங்கேயும் போய் அதை எடுக்க முடியாது.

பிரின்ஸ்டார் என்கிற பச்சைப் பாதாளத்தில் ஓர் ஆழமான இடம். அங்கே போய்ச் சேர்ந்தேன். அடியில் மூன்று பிராணிகள். குரங்குக் குட்டியையும் அணிலையும் சேர்த்துப் பிசைந்தது மாதிரி, நீலப் பச்சையில், பெரிய கண்களுடன். பெயர் எட்டிகூன். அந்தக் கிரகத்தில் அதுவரை பார்த்ததெல்லாம் என்னைக் கொல்ல வந்தவை. ஆகவே பழக்க தோஷத்தில் சுட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவை என்னைப் பார்த்துச் சின்னதாக ஒரு மெட்டு இசைத்தன. அப்புறம் ஓடின. சுவரை நோக்கித் தாவின. உதைத்து எதிர்ச் சுவருக்குப் போயின. அங்கிருந்து உதைத்து இந்தப் பக்கம். ஒன்றன் பின் ஒன்றாக, மூன்றும், மேலே மேலே.

நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற ஒரு படி இல்லை. குதித்தால் எட்டவில்லை. குண்டு வைத்து அந்த அதிர்ச்சியிலேயே எகிறிக்கொண்டு போகிற இன்னொரு வித்தை உண்டாம். அது இதைவிடக் கஷ்டம்.

கிரிக்கெட்டிலிருந்து திரும்பிய பேரனிடம், 'டேய், இதுல எப்படிடா மேல போறது?' என்றேன்.

'அதான் அதுங்க போகுதே தாத்தா.'

'எந்த பட்டன்?'

'அதுங்களுக்கு ஏது பட்டன்?' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். விஷமம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த விளையாட்டின் ஆத்மாவை அந்தப் பையன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

அந்த மூன்று பிராணிகளும் பேசாது. அம்புக்குறி காட்டாது. 'இப்போது இதை அமுக்கவும்' என்று எழுதிக் காட்டாது. செய்து மட்டும் காட்டும், மறுபடி மறுபடி, சலிக்காமல். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் உறைக்கிறது, சேமஸுக்கு இந்த வித்தை இப்போது கிடைக்கப் போவதில்லை என்று. அவளுக்கு இது முதல் நிமிஷத்திலிருந்தே தெரியும். கப்பலிலிருந்து இறங்கிய கணத்திலேயே முடியும். தெரியாதது எனக்கு.

சிறு வயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய நாட்கள் ஞாபகம் வந்தன. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடுவார்கள். பெரிய பையன்கள் மோட்டார் ரூம் மேலிருந்து தொபீரென்று குதித்து, தவளை மாதிரி நீந்திப் போவார்கள். யாரும் எனக்கு எதுவும் விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அவர்களைப் பார்த்ததில் நீச்சல் வரவில்லை. மனித உடம்புக்கு இது சாத்தியம் என்கிற தகவல் மட்டும் வந்தது. மிச்சத்தை உடம்பே ஒரு சாயங்காலம் கண்டுபிடித்துக்கொண்டது. எப்படி என்று இன்றைக்கும் என்னால் எழுதிக் காட்ட முடியாது.

சேமஸின் கரணமும் அப்படித்தான். ஓடித் தாவினால் சுழல்வாள். சுழன்றபடி சுவரைத் தொட வேண்டும். உடனே சுவருக்கு எதிர்த்திசையை அமுக்க வேண்டும். ஒரு கணம் அவள் உருவம் மாறும். சுழல்வது நின்று, காலைச் சுவரில் ஊன்றிய மாதிரி ஒரு படம். அந்தக் கணத்தில் குதி பட்டன். திசை முதலில், குதி பிறகு. நம் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்தே அமுக்கப் பார்க்கும். அமுக்கினால் விழுவாள். அவசரப்பட்டால் விழுவாள். தாமதித்தாலும் விழுவாள்.

எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணவில்லை. வீட்டில், 'பேப்பரைக்கூடப் பிரிக்காம காலங்காத்தால அதையே தட்டிண்டிருக்கேளே' என்று காபியை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். இந்தப் பழைய விளையாட்டுகளை இப்போது நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் தரும்போது ரீவைண்ட் வசதியும் சேர்த்துத் தருகிறார்கள். தப்பு நேர்ந்தால் சினிமா மாதிரிப் பின்னோக்கி ஓட்டித் திருத்திக்கொள்ளலாம். கண்டுபிடித்து மகிழ்ந்து அதைத் தொட்டபோது பேரன், 'தாத்தா, அது போங்கு' என்றான். விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் ஏறிவிட்டேன். வேறு ஏதோ நினைத்துக்கொண்டு அமுக்கியபோது இடது, வலது, இடது, வலது, மேலே. உச்சியில் போய் நின்றுவிட்டு, எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி கீழே குதித்து இன்னொரு முறை ஏறினேன். நான்கு தடவை விழுந்து ஐந்தாவதில் வந்தது.

கற்றுக்கொண்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இந்த விளையாட்டின் நிஜமான சாமர்த்தியம். சிவப்புப் பிரின்ஸ்டாரில் ஓர் உயரமான கோபுரம் இருக்கிறது. அதில் ரிப்பர் என்ற ஓட்டுப் பூச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக மிதக்கும். முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்றால், தொலைவில் நார்ஃபேர் என்ற நெருப்புலகத்துக்குப் போய் உறைய வைக்கும் கதிரை எடுத்துவந்து, பூச்சிகளை உறையவைத்து, அவற்றைப் படிக்கட்டாக வைத்து ஏற வேண்டும். சுவர் ஏறத் தெரிந்தவனுக்குக் கதிரும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். நேராகச் சுவரைப் பிடித்து உதைத்துக்கொண்டு மேலே போய்விடலாம். மேலே என்ன இருக்கிறதோ அதை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வித்தையால் கிரகத்தின் வரிசை கலைகிறது. இதற்குப் பிறகுதான் அது என்று விளையாட்டு போட்டு வைத்த கியூவை நாம் மரியாதையாகத் தாண்டிப் போகிறோம். விளையாட்டும் அதைத் தடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளையாட்டை முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் பூட்ஸ், கதிர், குண்டு எல்லாம் போய்விடும். ஓட்டாண்டியாக மறுபடி ஸீபஸில் இறங்க வேண்டும். சுவரேறும் வித்தை மட்டும் போகாது. அது சேமஸின் பட்டியலில் இல்லை, நம் கட்டை விரலில் இருக்கிறது. கரண்ட் போனாலும், மெஷின் ரிப்பேர் ஆனாலும், யாராவது அழித்துவிட்டாலும் இருக்கும். சம்பாதித்ததற்கும் கற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு எளிமையாகச் சொன்ன படைப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிற்பாடு வந்த விளையாட்டுகள் பெரும்பாலும் இந்தத் துணிச்சலைக் கைவிட்டன. அதே மெட்ராய்டு வரிசையில் 2002-ல் வந்த 'மெட்ராய்டு ஃப்யூஷ'னில் சுவரை உதைக்கலாம், ஆனால் ஒரே சுவரில் ஏறிவிட முடியாது. விலகினால் திரும்பிவர முடியாத தூரத்துக்குப் போய்விடுவாள். கியூவைக் கலைக்கக் கூடாது என்று கவனமாகக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். 2017-ல் வந்து எல்லோரும் கொண்டாடிய 'ஹாலோ நைட்' ரொம்ப அழகான விளையாட்டு. அதில் சுவரேறும் திறமை ஒரு நகம். குறிப்பிட்ட இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த கணத்திலிருந்து சுலபமாக வருகிறது. ஒரு தடவை கூட விழாமல் ஏறலாம். தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பூச்சி வீரனுக்குத் திறமை வந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. கடையில் வாங்கின மாதிரி இருந்தது.

இதற்காகச் சூப்பர் மெட்ராய்டைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. குறை இருக்கிறது, பெரிய குறை. என்ன செய்யலாம் என்று காட்டுகிறார்கள், எப்படி என்று காட்டவில்லை. அந்த எட்டிகூன்கள் சுழன்று தாவுவது தெரிகிறது. திசையையும் குதியையும் எந்த வரிசையில் அமுக்குவது என்பதை அவற்றின் உடம்பைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே துப்பு, சேமஸ் உருவம் மாறுகிற அந்தக் கணம். அதைக் கவனிக்க கழுகுக் கண் வேண்டும். அதே காலத்து 'மெகா மேன் எக்ஸ்'ஸில் சுவரோடு ஒட்டி நின்று குதி பட்டனைத் தட்டினால் போதும், அவன் ஏறிவிடுவான். அங்கே விரலுக்கு இரக்கம் காட்டினார்கள். இங்கே காட்டவில்லை. இந்தக் கிணற்றில் மாட்டிக்கொண்டு விளையாட்டையே மூட்டை கட்டி வைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் நடுக்கம் உள்ளவர்கள், மெதுவான கை உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? 'கஷ்டப்பட்டால்தான் வித்தை வரும்' என்று வாத்தியார்கள் சொல்வது சில சமயம் தாங்கள் சரியாகச் சொல்லித் தராததை மறைக்கத்தான்.

இதற்கு நல்ல பதில் 2018-ல் வந்தது. 'செலஸ்ட்' என்ற விளையாட்டு. மேட்லின் என்ற பெண் மலையேறுகிறாள். சுவரை உதைக்கும் வித்தை அவளுக்கு முதலிலிருந்தே உண்டு. அதைவிட நுணுக்கமான சில பாய்ச்சல்களும் முதலிலிருந்தே உண்டு, ஆனால் விளையாட்டு ரொம்ப நாள் வாயைத் திறப்பதில்லை. 2019-ல் சேர்த்த கடைசி அத்தியாயத்தில்தான் அவற்றில் ஒன்றைப் பாடமே நடத்திச் சொல்லித் தருகிறது. அப்போதுதான் தெரிகிறது, முதல் திரையிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று. சூப்பர் மெட்ராய்டு கிணற்றில் வந்த அதே உறைப்பு. கூடவே, கை ஓடாதவர்கள் விளையாட்டின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். ரகசியமாக வைப்பதும் இரக்கமில்லாமல் இருப்பதும் வேறு வேறு என்று இதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் சூப்பர் மெட்ராய்டிடம் கடைசியில் ஒரு சீட்டு பாக்கி இருக்கிறது.

வில்லி மதர் பிரெய்ன் செத்ததும் கிரகம் வெடிக்கப் போகிறது. மூன்று நிமிஷம் கெடு. திரையில் கடிகாரம் ஓட, கப்பலை நோக்கி ஓட வேண்டும். எல்லாம் நடுங்குகிறது. வழியில் ஓர் இடத்தில், போக வேண்டிய பாதையை விட்டு விலகி ஒரு கதவு. யாரும் அங்கே போகச் சொல்வதில்லை. போனால் உள்ளே அதே மூன்று எட்டிகூன்கள். கூடவே வேகமாக ஓடி ராக்கெட் மாதிரி மேலே பாய்வது எப்படி என்று வேறோரிடத்தில் செய்து காட்டிய டாச்சோரா என்கிற தீக்கோழி. சுவரைச் சுட்டு வழி திறந்துவிட்டால் அவை ஓடித் தப்பிக்கும். விட்டால் கிரகத்தோடு போகும்.

காப்பாற்றினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. பாயிண்ட் இல்லை, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. கிரகம் வெடிக்கும் கடைசிக் காட்சியில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விலகிப் போகும். உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 2010 முதல் 'கேம்ஸ் டன் குவிக்' என்று ஒரு தர்ம காரியம் நடக்கிறது. வேகமாக விளையாடுவதில் சூரர்கள் நாள் கணக்கில் இரவு பகலாக இன்டர்நெட்டில் நேரடியாக விளையாடிக் காட்டி, புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் நன்கொடை சேர்க்கிறார்கள். சூப்பர் மெட்ராய்டை அவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு விநாடியும் காசு. மிருகங்களைக் காப்பாற்றப் போனால் விநாடிகள் போய்விடும். ஆகவே பார்வையாளர்களிடையே ஏலம். காப்பாற்று என்று ஒரு கட்சி, கொல் என்று ஒரு கட்சி. எந்தப் பெயரில் அதிகப் பணம் சேர்கிறதோ அதன்படி ஆட்டக்காரர் நடப்பார். பல தடவை இந்த ஏலம் சுடச் சுட நடந்திருக்கிறது. எல்லாம் விளையாட்டுக்குத்தான், பணமும் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. இருந்தாலும், அந்தச் சூரர்கள் அத்தனை பேரும் சுவரேறித்தான் அந்த வேகத்தை அடைந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அந்த வித்தையைச் செய்து காட்டியவைகளைத்தான் சில விநாடிகளுக்காக விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஏகலைவனிடம் துரோணர் கட்டை விரலைக் கேட்டார். தாம் சொல்லித் தராத வித்தைக்குக் கட்டணம். இந்த மூன்று வாத்தியார்களும் கட்டை விரலுக்கு வித்தையைக் கொடுத்துவிட்டு எதையும் கேட்பதில்லை. தட்சிணை கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம். கொடுத்தோமா என்று பார்க்கவும் யாரும் இல்லை. விளையாட்டுகளை ஒரு கலையாக ஏற்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போது நான் இனி இந்த அறையைத்தான் சொல்லப்போகிறேன். மூன்று நிமிஷக் கெடுவில், யாரும் சொல்லாமல், லாபம் இல்லாமல், பழைய வாத்தியாரைத் தேடிப் போகிறாயா என்று ஒரு படைப்பு என்னைக் கேட்டது. படித்த எத்தனையோ நாவல்கள் அதைக் கேட்டதில்லை.

பேரன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கடைசிக் கட்டம் வந்தது. கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் மெஷினை அவனிடம் கொடுத்துவிட்டேன். என் விரலை நம்பி ஒரு கிரகத்தை ஒப்படைக்க முடியாது. 'மிருகங்களை எடுத்துண்டு போடா' என்றேன். 'டைம் பத்தாது தாத்தா, நீங்க மெதர் பிரெய்ன்கிட்டயே ரொம்ப அடி வாங்கிட்டீங்க' என்றான். சொல்லிக்கொண்டே அந்தக் கதவுக்குள் போய்விட்டான். சுட்டான். நான்கும் ஓடின. அவன் வெளியே வந்து ஏறத் தொடங்கினபோது ஒரு சுவரில் கால் தவறி விழுந்து, மறுபடி ஏறுவதற்குள் கெடு முடிந்துவிட்டது. கிரகம் எங்களோடு வெடித்தது.

'சொன்னேன்ல' என்றான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி அதே கதவுக்குள்தான் போனான்.

இந்த முறை தப்பித்தோம். கிரகம் வெடித்தது. 'தாத்தா, இங்க, இங்க' என்று விரலால் திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினான். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அந்தப் புள்ளி போய்விட்டது.